மூட்டுக்குள் கசியும் மைட்டோகாண்ட்ரியா

அன்புள்ள சிவராமா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பள்ளியில் சேர்ந்த செய்தி மகிழ்ச்சியளித்தது; தங்கை கமலாவுக்கு மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) உறுதியாகி, அதற்கான மெத்தோட்ரெக்சேட் மருந்து தொடங்கியிருப்பதாக எழுதியிருந்தது கவலையளித்தது. கோளாறு செல்லுக்கு ஆற்றல் தயாரித்துத் தரும் உள்ளுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில்தான் என்றும், அதைச் சரிசெய்யும் மாத்திரை தன்னிடம் இருப்பதால் மருத்துவர் தந்ததை நிறுத்திவிடலாம் என்றும் தெரிந்தவர் ஒருவர் சொன்னதாக எழுதி, உயிர்வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில் என் கருத்தைக் கேட்டிருக்கிறாய். அவர் பேச்சின் முதற்பகுதியில் உண்மை இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மைட்டோகாண்ட்ரியா முற்காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாவின் வழித்தோன்றல் என்பது உனக்குத் தெரியும். வட்டவடிவமும் 37 மரபணுக்களும் கொண்ட அதன் டி.என்.ஏ. இன்றும் பாக்டீரியாவின் சாயலோடுதான் இருக்கிறது. செல்லுக்குள் அடைபட்டிருக்கும்வரை தொல்லையில்லை. செல் சிதைந்து அது வெளியே கசிந்தால், கிருமியின் டி.என்.ஏ.வை அடையாளம் காணும் டி.எல்.ஆர். 9 போன்ற ஏற்பிகள், வீட்டு ஆளையே திருடன் என்று எண்ணிக் கூச்சலிடுவதுபோல், அழற்சியைக் கிளப்பிவிடுகின்றன. 2004இல் சுவீடன் ஆய்வாளர்கள் எலிகளின் மூட்டில் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வைச் செலுத்தியபோது அழற்சி உண்டாயிற்று; உட்கருவின் டி.என்.ஏ. அவ்வாறு செய்யவில்லை. முடக்குவாத நோயாளிகளின் மூட்டுத் திரவத்திலும் அதே மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. இருப்பதை அவர்கள் கண்டனர்.

2014இல் கியூபெக் ஆய்வாளர்கள் வெளியிட்டது எனக்கு இன்னும் வியப்பளிக்கிறது. இரத்தத் தட்டணுக்கள் தூண்டப்படும்போது முழு மைட்டோகாண்ட்ரியாவையே வெளியேற்றுகின்றன. பாக்டீரியாவின் சவ்வை அரித்துக் கொல்வதற்கென உடல் வைத்திருக்கும் பாஸ்போலிபேஸ் நொதி அவற்றின் சவ்வையும் அரித்து, அழற்சியைத் தூண்டும் பொருள்களை விடுவிக்கிறது. அந்த நொதி முடக்குவாத மூட்டுகளில் மிகுதியாகக் காணப்படுவது.

இன்னொரு பக்கம், தடித்துப்போன மூட்டுச் சவ்வுக்குப் போதிய ஆக்சிஜன் கிடைப்பதில்லை. செல்கள் மைட்டோகாண்ட்ரியாவை விட்டுவிட்டுக் குளுக்கோஸைச் சிதைத்தே பிழைக்க முற்படுவதால் லாக்டேட் என்னும் கழிவுப்பொருள் பெருகுகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் வேதிவினையில் இடையில் உருவாகித் தேங்கும் சக்சினேட், கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ் என்னும் நோயெதிர்ப்புச் செல்களை மேலும் தூண்டுகிறது. 2019இல் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள், நோயாளிகளின் டி செல்கள் என்னும் நோயெதிர்ப்பு வெள்ளணுக்களில் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் எம்.ஆர்.இ.11ஏ என்னும் நொதி குறைந்திருப்பதையும், அதனால் அந்த டி.என்.ஏ. கசிந்து, செல்லே வெடித்துச் சாகும் வகை மரணம் நேர்வதையும் காட்டினர்.

இவ்வளவும் நோய் எவ்வாறு மூண்டு எரிகிறது என்பதற்கான விளக்கமே. நோய் தொடங்குவதில், நோயெதிர்ப்பு மண்டலம் தன்னையும் அந்நியரையும் பிரித்தறிய உதவும் எச்.எல்.ஏ. மரபணுக்களுக்கும் புகைப்பழக்கத்துக்கும் பெரும்பங்கு உண்டு. மைட்டோகாண்ட்ரியாவின் சிதைவு காரணமாகவும் விளைவாகவும் இருந்து சுழல்கிறது என்பதே என் கணிப்பு. அந்தச் சுழலை எந்தக் கடை மாத்திரையும் அறுத்து மெத்தோட்ரெக்சேட்டின் இடத்தைப் பிடித்துவிட்டதாக நிறுவப்படவில்லை. நோயின் தொடக்க மாதங்களில் சிகிச்சையை நிறுத்தினால் எலும்பு அரிக்கப்படலாம். அரித்த எலும்பு பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. விற்க வந்தவருக்கு இந்த இழப்பில் பங்கில்லை.

ஒன்றை மட்டும் தங்கையிடம் கேட்டுச் சொல். மெத்தோட்ரெக்சேட்டை வாரத்தில் ஒரு நாள் மட்டும் உட்கொள்கிறாளா? நாள்தோறும் உட்கொண்டதால் உயிருக்கே ஆபத்து நேர்ந்தவர்கள் உண்டு. அதன் பக்கவிளைவைக் குறைக்கும் போலிக் அமிலம் எழுதித் தந்திருக்கிறார்களா, கல்லீரலுக்கும் இரத்த அணுக்களுக்குமான பரிசோதனை எப்போது என்பதையும் விசாரித்து எழுது. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தத் தெரிந்தவர் தரும் மாத்திரையின் டப்பாவையும் கொண்டுபோய், அதிலுள்ள பொருள்களின் பட்டியலைக் காட்டச் சொல்.

உன் அன்புள்ள,
வேணு