வங்காலைக்கு வரும் பறவைதான் கோடியக்கரைக்கும் வருகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மன்னார்ப் பெருநிலப்பரப்பில் முப்பத்தொரு வருடம் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். பெப்ரவரி 2 உலக ஈரநில தினம் என்பதால் இந்தக் கிழமை எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் பதாகை கட்டினார்கள், பேச்சுப்போட்டி வைத்தார்கள். வெளிநாட்டு நிதியில் நடந்த நிகழ்ச்சி. வந்தவர்கள் நல்ல மனதோடுதான் வந்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இப்படி வந்துபோன பல நிகழ்ச்சிகளைப் பார்த்தவள் என்ற முறையில், சுற்றாடல் கல்விக்காக நாடு கடந்து கைகோர்க்கும் அமைப்புகளிடம் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. சில வருடங்களுக்கு முன் நான் படிப்பித்த பாடசாலைக்கு ஒரு வெளிநாட்டு அமைப்பு இருநூறு மரக்கன்று கொண்டுவந்தது. நட்ட நாள் ஜூன் 5, உலக சுற்றாடல் தினம். 1972இல் ஸ்டொக்ஹோமில் ஐ.நா. மாநாடு தொடங்கிய நாள் அது. சுவீடனில் ஜூன் மாதம் பச்சைப்பசேலென்று இருக்கலாம். எங்களுக்கு அது சோளகம் வீசும் காலம். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கும் மண் இது. ஐப்பசிக்குப் பொறுத்திருந்து நடுவோம் என்று அதிபர் கேட்டுப் பார்த்தார். நிதியை ஜூன் முடிவதற்குள் செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்றார்கள். சரி என்று நட்டோம். பிள்ளைகள் வீட்டிலிருந்து போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். ஓகஸ்ட் விடுமுறை முடிந்து வந்து பார்த்தபோது பதினொரு கன்றுதான் உயிரோடு நின்றது. தன் கன்று செத்துப்போனதற்கு அழுத தரம் ஆறு பிள்ளையை நான் இன்னும் மறக்கவில்லை. அந்தப் பிள்ளை அன்று என்ன படித்திருக்கும்? மரம் நட்டால் சாகும் என்பதைத்தானே.

வெளியிலிருந்து வரும் உதவி வன்னியில் எடுபடாது என்று சொல்ல வரவில்லை. எடுபட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். போர் முடிந்தபின் 2010இல், இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து நாங்கள் மாந்தை மேற்குப் பக்கம் திரும்பியபோது, வயலிலும் வரம்பிலும் பற்றைக்குள்ளும் மிதிவெடி கிடந்தது. அப்போது யுனிசெப் போன்ற சர்வதேச அமைப்புகளின் துணையோடு மிதிவெடி அபாயக் கல்வி நடந்தது. எங்கள் கிராமத்துக்கு வந்தது யார் தெரியுமா? பக்கத்து ஊர்ப் பெடியனும் இரண்டு பெட்டைகளும், சைக்கிளில். வீடு வீடாகப் போனார்கள், பாடசாலைக்கு வந்தார்கள், கோயில் திருவிழாவில் நாடகம் போட்டார்கள். ஒருதரம் சொல்லிவிட்டுப் போகவில்லை, மாதம் தவறாமல் திரும்பி வந்தார்கள். மண்டையோட்டுப் பலகையைக் கண்டால் நில், தொடாதே, வந்த வழியே திரும்பு, பெரியவர்களிடம் சொல். இதை நான்கு வயதுப் பிள்ளையும் சொல்லும். பாலைப்பழம் பிடுங்கக் காட்டுக்குள் இறங்கப்போன தகப்பனை மறித்து நிறுத்திய மகன் என் வகுப்பில் இருந்தான். பணமும் அறிவும் வெளியிலிருந்து வந்தன. மொழியும் முகமும் எங்களுடையவையாக இருந்தன. அதனால்தான் அந்தக் கல்வி பிள்ளையின் வாய் வழியாகத் தகப்பனின் கால் வரை போனது.

சுற்றாடல் கல்வியை ஏன் அப்படிச் செய்ய முடியாது?

1977 ஒக்டோபரில் யுனெஸ்கோவும் ஐ.நா. சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டமும் சேர்ந்து ஜோர்ஜியாவின் திபிலீசி நகரில் ஒரு மாநாடு நடத்தின. சுற்றாடல் கல்விக்காகவே அரசுகள் கூடிய முதல் உலக மாநாடு அது. சிறு வயதில் பிள்ளை தான் வாழும் ஊரின் சுற்றாடலை உணர வேண்டும் என்பது அங்கே வகுத்த வழிகாட்டல்களில் ஒன்று. ஆனால் எங்கள் பாடசாலைச் சுவரில் நான் கண்ட சுவரொட்டியில் பனிக்கரடி நின்றது. பனிக்கரடியைப் பற்றியும் பிள்ளைகள் படிக்கட்டும். ஆனால் தள்ளாடிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி மன்னார்த் தாம்போதிப் பக்கம் பார்த்தால் தண்ணீருக்குள் வெள்ளையும் ரோசாவுமாகப் பூநாரைக் கூட்டம் நிற்கும் ஊர் இது. 4,839 ஹெக்டேயர் பரப்புள்ள வங்காலைச் சரணாலயம் 2010இலிருந்து ராம்சார் ஈரநிலம், அதாவது ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள இடம். அதற்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு ராம்சார் என்பது 1971இல் அந்த உடன்படிக்கை கைச்சாத்தான ஈரான் நகரம் என்றும் தெரியாது, தன் ஊர் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்றும் தெரியாது. அந்தப் பிள்ளைக்கு நானும் பல வருடம் சொல்லிக்கொடுக்கவில்லை, ஏனென்றால் எனக்கும் யாரும் சொல்லவில்லை.

எனக்குத் தெரியவந்தது கடற்காகங்களால். 2021இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சீன விஞ்ஞானிகளோடு சேர்ந்து மன்னாரில் கடற்காகங்களுக்குச் செய்மதிக் கருவி பொருத்திப் பறக்கவிட்டார்கள். அவற்றில் மேகா என்று பெயர் வைத்த ஒன்று ரஷ்யாவின் வடகோடி, ஆர்க்டிக் கரை வரை போய், மாரி தொடங்க மன்னாருக்கே திரும்பி வந்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு வகுப்பில் உலகப் படத்தை விரித்து, மன்னாரிலிருந்து வடக்கே நூலைப் பிடித்துக்கொண்டு போனோம். பிள்ளைகள் மணி அடித்தும் எழும்பவில்லை. ஒரு பிள்ளை கேட்டாள், "டீச்சர், அங்க இருக்கிற பிள்ளையளுக்கு இந்தக் குருவி எங்கட ஊருக்கு வாறது தெரியுமோ?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

சைபீரியாவிலிருந்து மாலைதீவு வரை நீளும் இந்தப் பறவைப் பாதையை மத்திய ஆசியப் பறப்புவழி என்கிறார்கள். முப்பது நாடுகள் அதில் அடங்கும். 2024 பெப்ரவரியில் உஸ்பெகிஸ்தானின் சமர்கண்டில் நடந்த, வலசை போகும் விலங்குகளைக் காக்கும் ஐ.நா. உடன்படிக்கையின் மாநாட்டில் இதற்கென்று ஒரு கூட்டு முயற்சிக்கு அரசுகள் உடன்பட்டன, அதன் ஒருங்கிணைப்பு வேலை இந்தியாவிடம் இருக்கிறது. நல்லது. அந்தக் கூட்டு முயற்சியில் பிள்ளைகளுக்கும் ஒரு இடம் வேண்டும் என்று கேட்கிறேன். தூரப்போகக்கூட வேண்டாம். பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டின் கோடியக்கரை இருக்கிறது. அதுவும் 2002இலிருந்து ராம்சார் ஈரநிலம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாக அங்கே பறவைகளுக்குக் காலில் வளையம் இட்டு வருகிறார்கள். அங்கே நிற்கும் பூநாரையும் ஊசிவால் தாராவும்தான் இங்கேயும் நிற்கின்றன. அங்குள்ள பிள்ளையும் தமிழில்தான் படிக்கிறது. அப்படியிருக்க, ஆங்கிலத்தில் எழுதி அரைகுறையாக மொழிபெயர்த்த கையேடு எதற்கு? இரண்டு கரை ஆசிரியர்களும் ஒன்றாக இருந்து ஒரே புத்தகத்தை எழுதலாமே. அதற்கு வழிசெய்ய ஒரு சர்வதேச அமைப்பு முன்வரட்டும்.

கடலுக்குள்ளும் இதே கதைதான். கடற்பசுவையும் அது மேயும் கடற்புல்லையும் காக்க 2015இல் எட்டு நாடுகள் சேர்ந்து தொடங்கிய திட்டத்தில் இலங்கை இருந்தது, இந்தியா இருக்கவில்லை. 2022இல் தமிழ்நாடு பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. அந்த விலங்கு எல்லைக்கோடு பார்த்து நீந்துவதில்லை. இழுவைமடிப் படகுகளால் இரு கரை மீனவர்களுக்கும் இடையில் இருக்கும் மனக்கசப்பு எனக்குத் தெரியும், என் தம்பியும் கடலுக்குப் போகிறவன்தான். பெரியவர்கள் பேசித் தீர்க்க நாளாகட்டும். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதுவதற்கு அது தடையாக இருக்கத் தேவையில்லை.

இன்னொன்று, ஆட்கள். அன்று மிதிவெடி பற்றிச் சொல்ல வீடு வீடாகப் போனவர்களில் பலர் இன்றும் ஊரில்தான் இருக்கிறார்கள். நாற்பதை நெருங்கிவிட்டார்கள், பிள்ளைகுட்டிக்காரர். ஒரு கூட்டத்தில் எப்படிப் பேசுவது, கோபக்காரத் தகப்பனிடம் எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்பதெல்லாம் அவர்களுக்குக் கைவந்த கலை. ஈரநிலத்தைப் பற்றியும் கட்டுக்கரைக் குளத்தைப் பற்றியும் சொல்ல இவர்களை விட்டால் யார்? தாராவுக்கு வலை விரிக்கிறவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். இல்லாத காலத்தில் அந்த இறைச்சி என் வீட்டு அடுப்பிலும் வெந்திருக்கிறது. அதனால் அவர்களைத் திட்ட எனக்கு வாய் வராது. சட்டத்தைக் காட்டி வெருட்டுவதைவிட, அறிந்த முகம் ஒன்று திண்ணையில் இருந்து சொன்னால் கேட்பார்கள்.

ஒருநாள் நிகழ்ச்சிக்கு வரும் அமைப்புகளே, தயவுசெய்து மூன்று வருடத்துக்கு வாருங்கள். திட்டத்தை எழுதும்போது எங்கள் மாரியையும் கோடையையும் கேட்டு எழுதுங்கள். மரம் நடுவதானால் கார்த்திகையில் நடுவோம், வீரையும் பாலையும் மருதும் நடுவோம். பறவை பார்ப்பதானால் மார்கழியிலிருந்து மாசி வரை. பங்குனி கழிந்தால் அவை கிளம்பிவிடும்.

என்னிடம் ஒரு கொப்பி இருக்கிறது. குளத்தடியிலும் கடற்கரையிலும் கிழவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதிய பறவைப் பெயர்கள், எந்த மாதம் வரும், எங்கே இறங்கும் என்ற விபரத்தோடு. அறுபத்துமூன்று பெயர் சேர்ந்திருக்கிறது. அதில் பதினேழு பறவைகளுக்குப் புத்தகத்தில் வேறு பெயர், எங்கள் ஊரில் வேறு பெயர். கோடியக்கரைப் பக்கத்தில் அவற்றை என்னவென்று சொல்கிறார்கள் என்று அறிய ஆசை. யாராவது அந்தப் புத்தகத்தை எழுத முன்வந்தால் கொப்பியைக் கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
நானாட்டான்.