அரைவேக்காட்டு முட்டைக்கும் விதி வேண்டும்: ஒரு கோரிக்கை மனு

நாள்: 24.11.2025

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட நியமன அலுவலர் அவர்கள்,
உணவு பாதுகாப்பு மற்றும் மருந்து நிர்வாகத் துறை,
ஈரோடு மாவட்டம்.

பொருள்: கலக்கி, ஆஃப்பாயில் போன்ற அரைவேக்காட்டு முட்டை விற்கும் சாலையோரக் கடைகளுக்குக் கீறல் விழுந்த முட்டை போவதைத் தடுக்கவும், சிறுவர்களுக்கு முழுதாக வெந்த முட்டையே தரப்படவும் நடவடிக்கை எடுக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். 1991 முதல் 2022 வரை சத்துணவு மையத்தில் அமைப்பாளராக வேலை பார்த்தேன். நான் சேர்ந்தபோது பிள்ளைகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை. ஓய்வு பெறும்போது வாரத்தில் ஐந்து நாளும் முட்டை. இந்தக் கைகளில் எத்தனை ஆயிரம் முட்டை புரண்டிருக்கும் என்று எனக்கே கணக்குத் தெரியாது. அதனால்தான் இந்த மனுவை எழுதும் துணிச்சல் வந்தது.

கடந்த செப்டம்பர் 13, சனிக்கிழமை இரவு, என் மகன் குடும்பத்தோடு வெளியே சாப்பிடப் போனான். தள்ளுவண்டிக் கடை. கூட்டமான கடை, ருசியான கடை. ஏழு வயதுப் பேரனும் மருமகளும் பரோட்டாவுக்குக் கலக்கி சொன்னார்கள். மகன் ஆம்லெட் வாங்கினான், அதுவும் நன்றாகச் சிவக்கப் போடச் சொல்லி. திங்கட்கிழமை விடியற்காலையில் பேரனுக்குக் காய்ச்சல் நூற்று மூன்று. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டான். மதியத்துக்குள் மலத்தில் இரத்தம். மருமகளுக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு. மகனுக்கு ஒன்றும் இல்லை. பேரனை ஐந்து நாள் மருத்துவமனையில் வைத்திருந்தோம். மலப் பரிசோதனையில் சால்மோனெல்லா கிருமி என்று வந்தது. அதன் நகலை இணைத்திருக்கிறேன்.

முட்டையால்தான் வந்தது என்று மருத்துவர் அடித்துச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரே கடையில், ஒரே நேரத்தில் சாப்பிட்ட மூவரில் கலக்கி சாப்பிட்ட இருவரும் படுத்தார்கள் என்பது மட்டுமே எனக்குத் தெரிந்த உண்மை. கடைக்காரர் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. அவர் மேல் வழக்குப் போட வேண்டும் என்பது என் நோக்கம் அல்ல. அந்த வண்டியை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது.

பேரன் வீடு திரும்பிய பிறகு நானே ஒரு நாள் சாயங்காலம் அங்கே போய் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். நான்கு முட்டை அட்டைகள் வண்டிக்கு வெளியே, மேற்கு வெயில் விழும் பக்கம் அடுக்கியிருந்தன. மாஸ்டர் முட்டையை அடுப்பு விளிம்பில் தட்டிக் கிண்ணத்தில் ஊற்றினார். ஒரு கரண்டி சால்னா, மிளகுத்தூள், இரண்டு சுற்று அடி. கல்லில் ஊற்றி, ஓரம் வெளுத்ததும் சுருட்டி இலையில் போட்டார். மேலே மெல்லிய தோல், உள்ளே பாயசம். வெள்ளைக்கரு வழிந்த அதே விரல்களால் கொத்தமல்லியைக் கிள்ளித் தூவினார். கை கழுவத் தண்ணீர் இருந்தது, சாப்பிட வந்தவர்களுக்கு.

அட்டையில் பாதிக்குமேல் கீறல் விழுந்த முட்டைகள். சிலவற்றில் வெள்ளைக்கரு கசிந்து அட்டையோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. கேட்டேன். "எப்படியும் உடைக்கப் போகிற முட்டைதானே அம்மா, விலை குறைவாகக் கொடுக்கிறார்கள்" என்றார். அவர் மறைக்கவில்லை, பொய் சொல்லவில்லை. அதில் தவறு இருப்பதாகவே அவருக்குத் தெரியாது. அவரிடம் யாரும் சொன்னதும் இல்லை.

இந்த இடத்தில்தான் என் மனம் ஆறவில்லை. பள்ளியில் நாங்கள் முட்டையை வாங்கும்போது கீறல் இருந்தால் திருப்பி அனுப்புவோம். தண்ணீரில் போட்டு மிதப்பதை ஒதுக்குவோம். அப்புறம் கொதிக்கக் கொதிக்க வேகவைத்துத்தான் பிள்ளை தட்டுக்குப் போகும். மிதக்கும் சோதனைதான் பிள்ளைகளைக் காப்பாற்றியது என்று நான் முப்பத்தொரு வருடமும் நம்பிக்கொண்டிருந்தேன். பேரன் படுத்த பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மிதந்தால் முட்டை பழையது, அவ்வளவுதான். சால்மோனெல்லா இருக்கும் முட்டை மிதக்க வேண்டியதில்லை, நாறவும் செய்யாது. ஓட்டில் ஒட்டிய எச்சத்தின் வழியாகக் கிருமி வரலாம், கீறல் இருந்தால் உள்ளே நுழைய வழி இன்னும் சுலபம். கோழியின் சூலகத்திலேயே கிருமி இருந்தால், ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் புகுந்துவிடுகிறது. அப்படிப்பட்ட முட்டை பார்ப்பதற்குப் பளிச்சென்றுதான் இருக்கும். எங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றியது கொதிநீர். மஞ்சள் கருவும் வெள்ளைக் கருவும் கெட்டியாகும் வரை வெந்துவிட்டால் அந்தக் கிருமி செத்துவிடுகிறது.

ஆக, கல்லாக வேகப் போகிற முட்டைக்கு இத்தனை சோதனை. வேகாமலே வாய்க்குப் போகிற முட்டைக்கு ஒரு சோதனையும் இல்லை. சந்தையில் மிக நல்ல முட்டை எந்தக் கடைக்குப் போக வேண்டுமோ, அந்தக் கடைக்குத்தான் கழித்த முட்டை போகிறது.

பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸை 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தங்கள் துறை தடை செய்தது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் 2006, பிரிவு 30-இன் கீழ் வந்த அந்த அறிவிக்கையில் சால்மோனெல்லாவின் பெயரே இருக்கிறது. கேரளமும் தெலங்கானாவும் அதற்கு முன்பே தடை போட்டுவிட்டன. நல்ல காரியம். அந்தத் தடை 2026 ஏப்ரலில் முடிகிறது. முடிவதற்கு முன்பே அதை நீட்டிக்க ஆணையர் அவர்களுக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். ஆனால் மயோனைஸில் இருக்கும் அதே முட்டைதான் கலக்கியிலும் இருக்கிறது. மயோனைஸ் மணிக்கணக்கில் வெளியே கிடப்பதால் கிருமி பெருகுகிறது, கலக்கியை உடனே சாப்பிட்டுவிடுகிறார்கள் என்ற வித்தியாசம் எனக்குப் புரிகிறது. அதனால்தான் கலக்கியைத் தடை செய்யுங்கள் என்று கேட்கவில்லை. கொங்குநாட்டில் பரோட்டாக் கடைக்குப் போனவன் கலக்கி இல்லாமல் எழுந்திருக்க மாட்டான். தடை போட்டால் விற்பனை நிற்காது, ஒளிந்துகொண்டு நடக்கும்.

நான் கேட்பது இதுதான். கீறல் விழுந்த, கசிந்த முட்டையை உணவுக் கடைகளுக்கு விற்கக் கூடாது என்று மாவட்டத்திலுள்ள முட்டை மொத்த வியாபாரிகளுக்கும் சில்லறைக் கடைகளுக்கும் எழுத்து மூலம் அறிவுறுத்துங்கள். தள்ளுவண்டிக்காரரைப் பிடிப்பதற்கு முன் அவருக்குக் கழிவு முட்டையைத் தள்ளிவிடுகிறவரைப் பிடியுங்கள். கலக்கி, ஆஃப்பாயில் போடும் கடைகளில், "சிறுவர்கள், கர்ப்பிணிகள், முதியோருக்கு முட்டையை முழுதாக வேகவைத்தே தருவோம்" என்று தமிழில் பெரிய எழுத்தில் ஒரு பலகை வைக்கச் செய்யுங்கள். இவர்களுக்குத்தான் இந்த நோய் உயிர்வரைக்கும் போகிறது. பதிவுச் சான்று கொடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் ஒரு மணி நேரம் செய்துகாட்டும் பயிற்சி கொடுக்கலாம். நிழலில் வைப்பது, முட்டை தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது, உடைத்த முட்டைக் கலவையைச் சேர்த்துவைக்காமல் அவ்வப்போது உடைப்பது. காசு செலவாகிற காரியம் ஒன்றுகூட இல்லை. தாங்கள் அழைத்தால், சம்பளம் எதுவும் வேண்டாம், நானே வந்து செய்துகாட்டுகிறேன்.

இன்னொன்று. பேரனுக்குச் சிகிச்சை கொடுத்த மருத்துவமனையில் எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள், எழுதிக்கொண்டார்கள். அதோடு சரி. அந்தத் தாள் தங்கள் அலுவலகத்துக்கு வரவில்லை என்று நினைக்கிறேன். அதே வாரத்தில் அதே கடையில் சாப்பிட்ட இன்னும் நான்கு பிள்ளைகள் வேறு வேறு மருத்துவமனைகளில் படுத்திருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. மருத்துவர்கள் உணவு நஞ்சாதலைக் குறிப்பிட்ட அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும் என அறிவிக்கை வெளியிட இதே சட்டத்தின் பிரிவு 35 இடம் தருகிறது. அதை ஈரோடு மாவட்டத்துக்குச் செயல்படுத்துமாறு தாங்கள் மேலே எழுத வேண்டும். அதுவரை மாவட்டச் சுகாதாரத் துறையோடு பேசி, அரசு மருத்துவமனைகளிலாவது சால்மோனெல்லா என்று முடிவு வந்தால் தங்களுக்கு ஒரு தகவல் வரும்படி செய்யலாம்.

பண்ணைகள் தங்கள் துறையின் கீழ் வராது என்பதால் ஒரு வரியோடு நிறுத்துகிறேன். 1980-களின் கடைசியில் முட்டையால் பரவிய சால்மோனெல்லாவால் திணறிய பிரிட்டன், முட்டைக்கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டு, முத்திரை வைத்து விற்று, 2017-இல் அந்த முத்திரை உள்ள முட்டையைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அரைவேக்காடாகவே சாப்பிடலாம் என்று சொல்லும் நிலைக்கு வந்தது. நாமக்கல் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கால்நடை பராமரிப்புத் துறையின் கவனத்துக்கு இதைத் தாங்கள் கொண்டுபோக வேண்டும்.

எங்கள் தெருவில் 43 பேர் கையொப்பமிட்ட தாளையும், பேரனின் மருத்துவமனை விடுவிப்புச் சுருக்கத்தையும், பரிசோதனை முடிவின் நகலையும் இத்துடன் இணைத்துள்ளேன். கடை எங்கே இருக்கிறது என்பதைத் தாங்கள் கேட்டால் நேரில் சொல்கிறேன். தண்டனைக்காக அல்ல, முதல் பயிற்சியை அங்கிருந்து தொடங்குவதற்காக.

இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

நகல்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், ஈரோடு.