கண்ணாடிக்குப் பவர் பார்ப்பது கண் பரிசோதனை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உரும்பிராயில் வீட்டோடு தையல் வேலை செய்பவள் நான். என் கணவருக்கு 63 வயது, வெங்காயத் தோட்டம் செய்கிறார். கடந்த ஆறு வருடத்தில் மூன்று முறை கண்ணாடி மாற்றினார். ஒவ்வொரு முறையும் கடையில் மெஷினில் நாடியை வைத்துப் பார்த்து, எழுத்து வாசிக்கச் சொல்லி, பத்து நிமிடத்தில் பவர் எழுதித் தந்தார்கள். அவரும் கடைசி வரி வரைக்கும் தடையில்லாமல் வாசித்தார். கண் நல்லாக இருக்கிறது என்று சொன்னார்கள், நம்பிக்கொண்டு வந்தோம்.

அந்தக் காலத்தில் அவருடைய சேட்டுகள் கிழிந்தபடியே இருந்தன. படலையைத் திறந்து சைக்கிளை உள்ளே எடுக்கும்போது கப்பில் தோளை இடித்துக்கொள்வார், வேலிக் கதியாலில் கை மாட்டிவிடும். ஒரே வருடத்தில் நாலு சேட்டு தைத்துக் கொடுத்தேன். நாலிலும் கிழிசல் இடது கையில்தான். ஊசியும் நூலுமாக இருந்த எனக்கு, ஏன் எப்போதும் இடது பக்கம் என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

போன வருடம் அயலில் உள்ள ஒரு பிள்ளை சொல்லித்தான் யாழ் நகரில் கண்ணை முழுதாகப் பரிசோதிக்கும் ஓர் ஒப்டோமெட்ரி கிளினிக்குக்குப் போனோம். அங்கே இருந்த பெண்பிள்ளை எழுத்து அட்டைக்குப் போகமுதல் கேட்ட கேள்வி, "ஐயாவின்ர அம்மாவுக்கு வயசுபோன காலத்தில கண் எப்பிடி இருந்தது?" என்பது. மாமி கடைசிக் காலத்தில் சுவரைத் தடவித்தான் நடந்தார். வயது என்று விட்டுவிட்டோம். அதைக் கேட்டதும் அந்தப் பிள்ளை மஞ்சள் மருந்து ஒரு துளி விட்டு, நீல வெளிச்சத்தில் கண்ணின் அழுத்தத்தை அளந்தது. சாதாரணமாக 10க்கும் 21க்கும் இடையில் இருக்கும் என்றது. இவருக்கு வலது கண்ணில் 24, இடது கண்ணில் 31.

பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமத்தச் சொன்னார்கள். வந்த படத்தைக் காட்டினார்கள். இடது கண் படத்தில் நடுவில் சின்ன வட்டம் மட்டும் வெளுப்பு, மற்றதெல்லாம் கறுப்பு. வலது கண்ணிலும் மூக்குப் பக்கம் கறுக்கத் தொடங்கியிருந்தது. கண் நரம்பைப் பழுதாக்கும் குளோக்கோமா என்ற நோய் என்று சொல்லி, கண் வைத்திய நிபுணரிடம் கடிதம் தந்து அனுப்பினார்கள். நிபுணரும் அதையே உறுதிப்படுத்தினார்.

ஆசிரியர் ஐயா, எழுத்து வாசிப்பது நடுப் பார்வையால். இந்த நோய் பெரும்பாலும் வலியோ சிவப்போ இல்லாமல் ஓரப் பார்வையைத் தின்றுகொண்டு வரும், நடுவைக் கடைசியில்தான் தொடும். அதனால்தான் மூன்று முறையும் தப்பிப் போனது. போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காக்கத்தான் இப்போது இரவில் ஒவ்வொரு துளி விடுகிறேன். விட்டபின் கண்ணின் உள்மூலையை ஒரு நிமிடம் விரலால் அமத்திப் பிடிக்க வேண்டும். அழுத்தம் சரியாக இருந்தும் இந்த நோய் வருபவர்கள் உண்டாம். ஆகவே அழுத்தம் மட்டும் போதாது, கண்ணின் பின்புற நரம்பையும் பார்க்க வேண்டும். பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்புக் கூட. மகனையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். இப்போதைக்கு ஒன்றுமில்லை, வருடாவருடம் வரச் சொல்லியிருக்கிறார்கள். சீனி வருத்தம் உள்ளவர்களும் பார்வை நல்லாக இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்டத்தான் வேண்டும்.

ஊரில் கோயில் மண்டபங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் இலவசக் கண் முகாம் வைக்கிறார்கள், நல்ல காரியம். காசு அனுப்பும் வெளிநாட்டு உறவுகளிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் நான் கேட்பது, இனிக் கண்ணாடியோடு அழுத்தம் பார்க்கும் கருவிக்கும் சேர்த்து அனுப்புங்கள். கையில் கொண்டு போகக்கூடிய கருவி இருக்கிறது. கண்ணாடிக்கடைக்காரர்களும் பவர் எழுதித் தரும் துண்டில் தமிழில் ஒரு வரி எழுதலாம்: "பவர் மட்டும் பார்க்கப்பட்டது, கண்ணின் அழுத்தமும் பின்புறமும் பார்க்கப்படவில்லை." மானிப்பாயில் அமெரிக்க மிசனைச் சேர்ந்த கிறீன் வைத்தியர் 1848இலேயே வைத்தியசாலை தொடங்கி, பிறகு தமிழிலேயே வைத்தியம் படிப்பித்த ஊர் இது. எங்கள் வீட்டில் கிடந்த மூன்று துண்டிலும் ஆங்கிலமும் இலக்கமும்தான். எது பார்க்கவில்லை என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. கண்மணியை விரிக்க மருந்து விட்டால் சில மணிநேரம் பார்வை மங்கும், வெயில் கூசும். மோட்டார் சைக்கிளில் தனியே போகாதீர்கள். இவரை நான் பஸ்ஸில்தான் கூட்டிக்கொண்டு வந்தேன், அவருக்கு இடது பக்கத்தில் இருந்துகொண்டு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உரும்பிராய்.