டிவி போனால் துணி எடு

மந்தைவெளி,
12 டிசம்பர்

அன்புள்ள முத்து,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருப்பதில் சந்தோஷம். முப்பத்தைந்து வருஷம் டெலிபோன்ஸில் குப்பை கொட்டியவனுக்குப் போனில் பேசினால் காது கேட்கவில்லை என்பதை ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். போன வாரம் நான் டிவி டிஷ்ஷின் ஒரு பாகத்தைப் பற்றி "எல்என்பி, எல்என்பி" என்று தொண்டை கிழியக் கத்துகிறேன், நீ "எல்ஐசி பணம் வந்துவிட்டதா?" என்று கேட்கிறாய். அதனால்தான் இந்த நீளக் கடிதம்.

உன் வீட்டு டிவியிலும் "சிக்னல் இல்லை" என்று வருகிறது, வந்து பார்த்தவன் 1,400 ரூபாய் ஆகும் என்கிறான், கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கொடுக்காதே. இரண்டு நாள் பொறு. நான் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவன், என் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்.

இங்கே ஐப்பசி பிறந்ததிலிருந்தே தகராறு. படம் கட்டம் கட்டமாக உடையும், பேசுகிறவர்களுக்கு வாய் ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமுமாக இழுக்கும், அப்புறம் நீலத் திரை. மழை நேரத்தில் போவது பற்றி நான் சொல்லவில்லை. அது எல்லா வீட்டிலும் போகும். டிஷ்ஷுக்கு வரும் அலை இரண்டரை சென்டிமீட்டர் நீளம்தான், கனமழையில் வழியிலேயே கரைந்துவிடும். எங்கள் வீட்டில் அதுவே ஒரு வசதியாகிவிட்டது. இந்தப் பருவத்தில் மழை கடல் பக்கமிருந்து வருகிறது, நம் டிஷ்ஷும் தென்கிழக்கைப் பார்த்துத்தான் நிற்கிறது. எனவே சில நாள் வீட்டின் மேல் ஒரு சொட்டு விழுவதற்கு முன்பே, கடலோரம் பிடித்துக்கொண்ட மழையிலேயே படம் போய்விடும். சரோஜா உடனே மாடிக்கு ஓடுவாள், துணி எடுக்க. "டிவி போனால் துணி எடு" என்பது எங்கள் வீட்டுப் பழமொழி. வானிலை ரமணனையே மிஞ்சிவிட்டது என்பாள்.

தொல்லை வேறு மாதிரி. மழை நின்ற பிறகும் படம் வராது. இரண்டு நாள் நல்ல வெயில் அடித்தால் தானாக வரும். அதிலும் ஒரு வேடிக்கை, செய்திச் சேனல்கள் சரியாக வரும், பாட்டுச் சேனல் வராது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்.

கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, பெட்டியை அணைத்துப் போடு எல்லாம் முடிந்து, ஆள் வருவார், விசிட் சார்ஜ் 300 என்றார்கள். பையன் மறுநாள் மழையிலேயே வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். பல்லாவரத்திலிருந்து பைக்கில், மழைக்கோட்டுக்குள் டூல்ஸ் பையை அணைத்துக்கொண்டு. சரோஜா காபி கொடுத்தாள். மாடிக்குப் போனான், டிஷ்ஷின் கை நுனியில் முட்டை மாதிரி ஒன்று இருக்குமே, அதுதான் அலையை வாங்கிக் கேபிளில் இறக்குகிற எல்என்பி, அதைத் தட்டிப் பார்த்தான். "சார், எல்என்பி போச்சு." ஐந்து நிமிஷம். விசிட் 300, எல்என்பி 450, டிஷ்ஷைத் திசை பார்த்துத் திருப்புகிற அலைன்மென்ட் 200, ஆக 950. பில் கேட்டேன். "ஆபீஸ்லேர்ந்து மெசேஜ் வரும் சார்" என்றான். பணம் அவன் போனுக்கே ஜிபேயில் போனது. மெசேஜ் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

அன்று சாயங்காலம் வெயில் வந்தது, படமும் வந்தது. எட்டு நாள் கழித்து மழை, மறுபடி நீலத் திரை.

இந்த முறை வேறொருவர் வந்தார், கொஞ்சம் வயதானவர். மாடிக்குக்கூட முழுதாக ஏறவில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எதிர்ச் சாரியைக் காட்டினார். அங்கே பழைய ஓட்டு வீட்டை இடித்து அபார்ட்மென்ட் கட்டியிருக்கிறார்கள், எங்கள் மாடியைவிட ஒரு தளம் உயரம். "இதுதான் சார் மறைக்குது. டிஷ்ஷை அந்த மூலைக்கு மாத்தணும். கேபிளோட 900." பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது, டிஷ் நேராக அந்தக் கட்டடத்தைத்தான் முறைத்துக்கொண்டு நிற்கிறது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அங்கேதான் எனக்குள் இருந்த பழைய பி.டபிள்யூ.டி. டிராஃப்ட்ஸ்மேன் விழித்துக்கொண்டான். நம் டிடிஎச் செயற்கைக்கோள்கள் எல்லாம் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கே 83 டிகிரியிலிருந்து 108 வரைக்குள் நிற்கின்றன. சென்னை 80 டிகிரி. அதாவது எந்தக் கம்பெனியானாலும் அது நமக்குத் தெற்குக்கும் கிழக்குக்கும் நடுவே, தலைக்கு மேல் நன்றாக உயரத்தில். பேரனின் ஜாமெட்ரி பாக்ஸை வைத்துக் கணக்குப் போட்டால் 50 டிகிரிக்குக் குறைவாக எதுவும் வரவில்லை. தெரு 30 அடி. அந்தத் தூரத்தில் இருக்கும் கட்டடம் எங்கள் டிஷ்ஷை மறைக்க வேண்டுமென்றால் டிஷ்ஷைவிட 35 அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். இருப்பதோ பத்தடி! டிஷ் கட்டடத்தை முறைப்பது போலத் தோன்றுவது நம் கண்ணின் ஏமாற்றம். எல்என்பியின் நிழல் விழாமல் இருக்க அதைக் கீழே தள்ளி வைத்து, அதற்கேற்றபடி தட்டைச் சரித்துச் செய்திருக்கிறார்கள். தட்டு பார்க்கிற திசைக்கு இருபது, இருபத்தைந்து டிகிரி மேலேயிருந்துதான் அலை வருகிறது. அந்தப் பெரியவருக்கு இது தெரியாமலா இருக்கும்? அதைத்தான் என்னால் இன்னும் தீர்மானிக்க முடியவில்லை.

சரி, 950 போனதே என்ற எரிச்சல். என் தம்பி மகன், "பெரியப்பா, டிவி, டெலிபோன் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் டிராய் விதிப்படி விசிட் சார்ஜ் 250க்கு மேல் வாங்கக் கூடாது" என்று ஏற்றிவிட்டான். விடுவேனா. மறுநாள் காலை பத்து மணிக்குக் கால் சென்டர் பெண்ணிடம் விதி, பிரிவு என்று அரை மணி நேரம் பாடம் எடுத்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், அது இப்போ இல்லை சார்" என்றாள். பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். ராத்திரி தேடிப் படித்தால் அவள் சொன்னதுதான் சரி. 250 ரூபாய் வரம்பு 2017 விதியில் இருந்தது. 2024 ஜூலையில் திருத்திவிட்டார்கள். இணைப்பு கொடுக்க, ஆள் வந்து பார்க்க, இடம் மாற்ற, எல்லாவற்றுக்கும் கம்பெனியே கட்டணம் வைத்துக்கொள்ளலாம். என் ஐம்பது ரூபாய்ச் சண்டை அங்கேயே செத்தது. அந்தப் பெண்ணை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஆனால் அதே திருத்தத்தில் இன்னொன்றும் இருக்கிறது. என்ன கட்டணம் வைத்தாலும் அதை எல்லோருக்கும் தெரியும்படி வெளியிட வேண்டும். அப்படியானால் பட்டியல் எங்கேயோ இருக்க வேண்டுமே என்று கம்பெனியின் தளத்தைக் குடைந்தேன். அடியில், எறும்பு எழுத்தில் இருந்தது. விசிட் 300, சரி. எல்என்பி 450, சரி. அலைன்மென்ட் என்று தனியாக எதுவும் கிடையாது, விசிட்டிலேயே அடக்கம். 200 ரூபாய் அந்தரத்தில் வாங்கியது.

இதற்கிடையில் ஒரு நல்ல காரியம் நடந்திருந்தது. முதலில் வந்த பையன் பழைய எல்என்பியைத் தண்ணீர்த் தொட்டி மேலேயே மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். அதை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பறக்கும் ரயிலேறிச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நடந்தேன். அந்தத் தெரு மாறவே இல்லை, நடக்கத்தான் இடமில்லை. ஒரு சின்னக் கடை. கடைக்காரர் எல்என்பியை வாங்கி மாடியில் இருந்த தங்கள் டிஷ்ஷில் மாட்டிப் பார்க்கச் சொன்னார். கடைப் பையன் இறங்கி வந்து, "நல்லாத்தாண்ணே இருக்கு" என்றான். அப்புறம் அவர் என்னிடம் இரண்டே கேள்வி கேட்டார்: "வெயில் அடிச்சா சரியாயிடுதா?" ஆமாம் என்றேன். "சில சேனல் வருது, சிலது வரலையா?" ஆமாம், ஆமாம். "கேபிள்ல தண்ணி சார்."

இரண்டு கனெக்டர், ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் ஒரு சுருள். எல்லாம் சேர்த்து 90 ரூபாய்.

எங்கள் ஃபிளாட் எலெக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனேன். எல்என்பிக்குப் பின்னால் இருந்த கனெக்டரைத் திருகிக் கழற்றினான். உள்ளே பார்த்திருக்க வேண்டும் நீ. பழைய செப்புக்குடத்தின் அடியில் பிடிக்குமே, அந்தக் களிம்பு, பச்சைப் பசேலென்று. நடுக்கம்பி மேலே செம்பு முலாம், உள்ளே இரும்பு. முலாம் போய் இரும்பு துருப்பிடித்து ஊசி முனை மாதிரி மெலிந்திருந்தது. கேபிளின் மேல்தோலை உரித்தால் அந்த வெள்ளி வலை கறுத்து, ஈரமாக இருந்தது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அந்த வலை தண்ணீரை இழுத்திருக்கிறது. கெட்டுப்போன அளவுக்கு, ஒன்றரை அடி வெட்டி எறிந்தோம். முதலில் வந்த பையன் இதே கனெக்டரைத்தான் கழற்றிப் புது எல்என்பியில் மாட்டியிருக்கிறான், பச்சையைப் பார்த்துக்கொண்டே.

சேனல் விஷயம் உனக்குப் பிடிக்கும். உங்கள் எக்ஸ்சேஞ்சில் ஒரே ஜோடிக் கம்பியில் பேச்சும் போகும், 48 வோல்ட்டும் போகும் என்று சொல்வாயே. இங்கேயும் அதே சங்கதிதான். படம் இறங்குகிற கேபிளிலேயே கரண்டும் ஏறுகிறது. ஒரு வகைச் சேனல்களுக்கு 13 வோல்ட், இன்னொரு வகைக்கு 18. கனெக்டரில் களிம்பு ஏறினால் 18 அனுப்பினாலும் மேலே போய்ச் சேருவதில்லை. அதனால்தான் பாட்டு போய்ச் செய்தி மட்டும் வந்தது. நான் சொன்னது தப்பென்றால் எழுது, ரிச்சி தெருக்காரர் சொன்னதை என் பாஷையில் சொல்லியிருக்கிறேன்.

எலெக்ட்ரீஷியனுக்கு 200 கொடுத்தேன். மூன்று மழை பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை.

கம்பெனியில் புகார் கேட்கும் நோடல் அதிகாரிக்கு ஒரு மெயில் போட்டேன். கட்டணப் பட்டியலின் படம், ஜிபே ரசீது, இரண்டே பத்தி. பதில் வராவிட்டால் 1915க்குப் பேசுவேன் என்று கடைசி வரி. அது நுகர்வோர் உதவி எண், குறித்து வைத்துக்கொள். வந்த டெக்னீஷியன் பெயர் என்ன என்று கேட்டார்கள். எனக்கு மனம் வரவில்லை. காபி குடித்த டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போன பையன். அவனுக்குச் சம்பளம் கிடையாதாம், ஒரு புகாருக்கு இவ்வளவு என்று கணக்காம், பெட்ரோல் அவன் கையிலிருந்து. ஒரு கனெக்டர் மாற்றினால் அவனுக்கு என்ன கிடைக்கும்? பெயர் நினைவில்லை என்று எழுதிப் புகார் எண்ணை மட்டும் கொடுத்தேன். எண்ணைத் தட்டினால் பெயர் வந்துவிடும் என்பது அனுப்பிய பிறகுதான் உறைத்தது. 200 ரூபாய் வந்தது, கையில் இல்லை, டிவி கணக்கில் வரவாக. எல்என்பி காசைக் கேட்கவில்லை. புதுசு மேலே இருக்கிறதே.

ஆக, உன் விஷயம். ஆளை மறுபடி கூப்பிடுவதற்கு முன் மழை விட்ட ஒரு காலையில் கனெக்டரைக் கழற்றிப் பார். நீ ஏறாதே, பேரனை ஏற்று. உன் முழங்காலைச் சரிசெய்ய எந்தக் கம்பெனியும் ஆள் அனுப்பாது. பச்சை இருந்தால் வெட்டி மாற்று. கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கீழே ஒரு வளையம் தொங்க விடு, தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். அதற்கும் சரியாகவில்லை என்றால் கூப்பிடு, ஆனால் எது போயிற்று என்று காட்டச் சொல், பழைய சாமானை வாங்கி வைத்துக்கொள். என்னிடம் நல்ல எல்என்பி ஒன்று சும்மா கிடக்கிறது. உன் கம்பெனிக்கு ஒத்துவருமா என்று கேட்டு எழுதினால் பார்சலில் அனுப்புகிறேன். வருஷத்துக்கு ஒரு தொகை கட்டினால் விசிட் சார்ஜ் இல்லை என்று ஆசை காட்டுவார்கள், எல்என்பியும் கேபிளும் அதில் சேர்த்தியா என்று கேட்டால் குரல் இறங்கிவிடும்.

திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்தபோது வீட்டுக்காரர் ஆன்டெனாவைக் குடைக்கம்பியை வைத்து நிமிர்த்தினாயே, ஞாபகம் இருக்கிறதா? அன்று நீ வாங்கிய ரிப்பேர் சார்ஜ் இரண்டு ஆமவடை. அதில் ஒன்றை நான் தின்றேன்.

மார்கழி பிறக்கப்போகிறது. மயிலாப்பூர்ப் பக்கம் இப்போதே கச்சேரி பேனர் கட்டிவிட்டார்கள். நீயும் மாலதியும் ஒரு வாரம் வந்து தங்குங்கள், காது கேட்காவிட்டாலும் சபா கேண்டீன் இருக்கிறது.

படம் போய்விட்டது. சரோஜா மாடிப்படி ஏறிக்கொண்டே என்னைக் கூப்பிடுகிறாள். பெட்ஷீட் காய்கிறதாம், தனியாகத் தூக்க முடியாதாம்.

உன்,
கோபால்