எந்த ஊர் என்று கேட்டால்

கொளப்பள்ளி,
பந்தலூர் வட்டம்.

அன்பு மகளுக்கு,

டொரண்டோவில் யாழ்ப்பாணத்துத் தோழிகள் "எந்த ஊர்?" என்று கேட்டால் "ஊட்டிப் பக்கம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வதாக எழுதியிருந்தாய். அங்கே போனதிலிருந்து நான் வேறு யாராகவோ மாறிக்கொண்டிருக்கிறேன் என்றும் வருத்தப்பட்டிருந்தாய். நீ மாறுவதில் எனக்கு வருத்தம் இல்லை கண்ணு. நிறுத்திக்கொள்கிறாயே, அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

உன் அம்மாயி, அதாவது என் அம்மா, இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் பிறந்தவர். அவரைப் பெற்றவரும் அங்கேயே பிறந்தவர்தான். ஆனாலும் 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் எங்களைப் பற்றி ஒப்பந்தம் செய்தபோது 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். இந்தக் கணக்கைப் போடும்போது தோட்டத்து மக்களை யாரும் கேட்கவில்லை. நம் குடும்பத்தில் அம்மாயிக்கு இந்தியா, அவர் தங்கைக்கு இலங்கை என்று ஆயிற்று.

அங்கே இருந்தவரை நாங்கள் இந்தியாக்காரர்கள். 1973இல் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்து சேர்ந்ததும் சிலோன்காரர்கள். கையில் இருந்ததோ இந்தியப் பாஸ்போர்ட். இன்றைக்கும் சிலர் எங்களை அகதிகள் என்கிறார்கள். அகதியாக இருப்பது இழிவில்லை. ஆனால் நாங்கள் குடிமக்களாக வந்தவர்கள், அதை மறைத்துப் பேசுவது எனக்குப் பொறுக்காது.

தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் வனத்துறை தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பின்னால் டான்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனம் ஆனது. அங்கே கொழுந்து பறிக்கும் வேலை கிடைத்தது. ஆனால் அம்மாயி இந்த ஊர்க்காரி ஆனது அந்த வேலையால் அல்ல, பிரசவம் பார்த்ததால். லயத்தில் யாருக்கு வலி கண்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பிறகு பணியர் பழங்குடிகளின் குடியிலிருந்து ஆள் வந்தது, மலையாளிகள் வீட்டிலிருந்தும் வந்தது. அவசரத்துக்குப் பேசிப் பேசியே மலையாளம் கற்றுக்கொண்டார். சிலோன்காரம்மா என்று கூப்பிடுவதை யாரும் நிறுத்தவில்லை. ஆனால் அதைச் சொல்லும் குரலில் மரியாதை வந்திருந்தது. அரசாங்கம் கொடுத்த காகிதங்களால் செய்ய முடியாத காரியம் இது.

பி.எட். படிக்கும்போது உளவியலாளர் எரிக் எரிக்சன் சொன்ன மனித வளர்ச்சியின் எட்டு நிலைகளைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். தான் யார் என்ற தவிப்பு பதின்பருவத்துக்கு உரியது என்று எழுதினால் மதிப்பெண். அவர் வாழ்க்கையைப் பிற்பாடு படித்தபோதுதான் மனிதர் நெருக்கமானார். 1902இல் பிராங்க்பர்ட்டில் பிறந்தவர். பெற்ற தகப்பன் யார் என்றே அவருக்குத் தெரியாது. வெளிர் முடியும் நீலக் கண்ணுமாக இருந்ததால் யூத ஆலயத்தில் அவரை அந்நியனாகப் பார்த்தார்கள், பள்ளியிலோ யூதன் என்று ஒதுக்கினார்கள். அமெரிக்கக் குடிமகனான 1939இல்தான் எரிக்சன் என்ற பெயரைச் சூட்டிக்கொண்டார். அடையாளம் பதின்பருவத்தோடு முடிந்துவிடுகிறது என்று அவரும் சொல்லவில்லை. பாடப்புத்தகங்கள்தாம் கட்டம் கட்டி அடைத்துவிட்டன. அம்மாயிக்கு அந்தத் தவிப்பு இரண்டு பிள்ளைகள் பெற்ற பிறகு வந்தது, எனக்கு மூன்றாம் வகுப்பில். உனக்கு இப்போது வந்திருக்கிறது.

உன் தயக்கத்தின் காரணம் எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தார் சிலர் தோட்டத்து மக்களைக் குறைவாகப் பார்த்த காலம் உண்டு, அம்மாயி சொல்லி நீயும் கேட்டிருக்கிறாய். ஆனால் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து நின்றவர்களில் ஈழத்தமிழர் தலைவர் செல்வநாயகமும் ஒருவர். அடுத்த ஆண்டே அவர் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். உன் தோழிகளின் வீடுகளில் அவர் பெயரைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். பேச்சை அங்கிருந்து தொடங்கு. பிறர் உன்னை என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்பது உன் கையில் இல்லை. ஹட்டனையும் அம்மாயியின் தங்கையையும் சொல்லாமல் விடுவது உன் கையில்தான் இருக்கிறது. உன் பிள்ளைகளுக்கு நீ சொன்னது மட்டும்தானே மிஞ்சும்?

அந்தச் சின்னம்மாயியின் பேரன் ஹட்டன் பக்கத்து டிக்கோயாவில் ஆசிரியராக இருக்கிறான். தன்னை மலையகத் தமிழன் என்றே சொல்லிக்கொள்கிறான். உனக்குத் தம்பி முறை. அவன் எண்ணைத் தனியே அனுப்புகிறேன். அவனாகக் கூப்பிடட்டும் என்று காத்திராதே, நீயே பேசு.

அன்புடன்,
அம்மா