சொறிசிரங்குக்கு ஆள் கணக்கில் அல்ல, வீட்டுக் கணக்கில் மருந்து வழங்கக் கோரும் மனு

பிரதம சுகாதார வைத்திய அதிகாரி அவர்கள்,
பொதுச் சுகாதாரத் திணைக்களம்,
கொழும்பு மாநகர சபை,
நகர மண்டபம், கொழும்பு 07.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, கிராண்ட்பாஸ் பகுதிகளில் பணிபுரியும் தாதியரும் மருந்தாளர்களுமாகிய நாங்கள் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம். தோட்டங்கள் எனப்படும் நெரிசலான குடியிருப்புகளிலும் தொடர்மாடிகளிலும் ஒரே அறையில் ஐந்தாறு பேர் பாய் விரித்துப் படுக்கும் வீடுகளில் சிரங்கு மாறிய பிறகும் திரும்ப வருகிறது. மருந்தில் குறையில்லை. கொடுக்கும் அளவும் முறையும்தான் பிழை.

சிரங்குக்குப் பூசும் பெர்மெத்ரின் 5 வீதக் கிரீம் பெரியவர் ஒருவருக்கு ஒருமுறை பூச 30 கிராம் வேண்டும். ஐந்து வயதுக்கு மேல் பன்னிரண்டு வரையான பிள்ளைக்கு அதில் பாதி. தாய், தகப்பன், அந்த வயதில் இரண்டு பிள்ளைகள் என்றால் ஓர் இரவுக்கு 90 கிராம். சிரங்கை உண்டாக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத உண்ணியின் முட்டை முதல் பூச்சில் முழுதாகச் சாகாது. மூன்று நான்கு நாளில் பொரிக்கும். அதனால் ஏழாம் நாள் மறுபடி பூச வேண்டும். ஆக 180 கிராம், அதாவது 30 கிராம் குழாய் ஆறு. சொறியும் பிள்ளைக்கு மட்டும் ஒரு குழாய் எழுதிக் கொடுத்தால் ஆறில் ஒரு பங்குதான் போகிறது. முதன்முறை தொற்றியவருக்கு நான்கு முதல் ஆறு வாரம்வரை கடி (அரிப்பு) தெரியாது. அந்த நாட்களிலும் அவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும். இதனால்தான் கடி இல்லாதவருக்கும் அதே இரவில் பூசச் சொல்கிறோம்.

பூசும் விதமும் பெரும்பாலும் தவறுகிறது. கடிக்கும் இடத்தில் மட்டும் தடவக்கூடாது. கழுத்துக்குக் கீழே முழு உடம்பும், விரலிடுக்கு, வெட்டிய நகத்தடி, தொப்புள், பிறப்புறுப்பு, உள்ளங்கால் எல்லாம் பூச வேண்டும். கைக்குழந்தைக்கும் முதியவருக்கும் கண், வாய் தவிர்த்து முகத்திலும் தலையிலும் கூட. வெந்நீரில் குளித்த சூட்டோடு பூசாமல், உடம்பு ஆறிக் காய்ந்த பின் பூசி, 8 முதல் 14 மணித்தியாலம் விட வேண்டும். இடையில் கை கழுவினால் கையில் மறுபடி பூச வேண்டும். இந்த ஒன்றை மறந்ததாலேயே பல வீடுகளில் விரலிடுக்கில் சிரங்கு தங்கிவிடுகிறது.

துணிகளை அவிக்க எரிவாயு இல்லாத வீட்டாருக்கு அது தேவையில்லை என்று சொல்லுங்கள். மூன்று நாளுக்குள் பாவித்த விரிப்பு, சாரம், துவாய்களைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி மூன்று நாள் வைத்தால் உண்ணி பட்டினியில் செத்துவிடும்.

கடி அடங்க நான்கு வாரமும் எடுக்கலாம். இது தெரியாமல் தினமும் மருந்து பூசித் தோலைப் புண்ணாக்குகிறார்கள். இல்லையேல் பாமசியில் ஸ்டீரொயிட் கிரீம் வாங்குகிறார்கள். அது கடியை மட்டும் அமுக்கி, தொற்றை மறைத்துவிடும். சொறிந்த புண்ணில் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமி ஏறினால் பிள்ளையின் சிறுநீரகமே வீங்கக் கூடும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

எனவே மாநகர சபை மருந்தகங்களில் குடும்பத்தின் தலையெண்ணிக்கையைக் கேட்டு இரு தடவைக்கான மருந்தையும் ஒன்றாக வழங்கவும், தமிழிலும் சிங்களத்திலும் படத்துடன் துண்டுப்பிரசுரம் சேர்க்கவும், ஏழாம் நாள் பூச்சைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ மருத்துவ மாதுவோ நினைவூட்டவும், முதல் பூச்சுக்கு மறுநாளே பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளலாம் எனப் பாடசாலைகளுக்கு எழுத்தில் அறிவிக்கவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். பெர்மெத்ரின் போதாவிடின் 25 வீத பென்சைல் பென்சோயேட் பூச்சு மருந்தையாவது கொடுங்கள். எரிச்சல் தருமாதலால் பிள்ளைகளுக்குச் சமஅளவு நீர் கலக்கும்படி குப்பியிலேயே எழுதி ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
கொழும்பு 13, 14, 15 பகுதித் தாதியரும் மருந்தாளர்களும்