சுட்டியின் பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் படித்த பின் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய பிரேதப் பரிசோதனை அறிக்கையை இரண்டு முறை படித்தேன். அட்ரீனல் சுரப்பியை (சிறுநீரகத்துக்கு அருகில் உள்ள ஹார்மோன் சுரப்பி) எடுத்த அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்றார்களே, பிறகு எப்படி இரண்டாம் நாள் இரவில் உன் ஃபெரெட் சுட்டி இறந்தான் என்று கேட்டிருந்தாய். என் பணிக்காலம் முழுவதும் மாடு, ஆடு, நாய் என்றே கழிந்தது. கீரியைப் போலத் தோன்றும் இந்தச் சிறு வளர்ப்பு விலங்கான ஃபெரெட் என் மேசைக்கு வந்ததே இல்லை. ஆகவே அந்த இனத்தின் மருத்துவத்தைத் தனியே படித்த பின்னரே இதை எழுதுகிறேன்.

அறுவைக்குப் பின் ஒரு விலங்கு இறந்தால், எந்த நேரத்தில் இறந்தது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மேசையிலோ, மயக்கம் தெளிவதற்கு முன்போ இறந்தால் ரத்த இழப்பு, வெளியே தெரியாமல் இருந்த இதயநோய், உடல் குளிர்ந்துபோதல் ஆகியவற்றையே சந்தேகிக்க வேண்டும். மூன்றாம் நாளுக்கு மேல் காய்ச்சலும் வயிற்று வீக்கமுமாக இறந்தால், அதுவும் ரப்பர் துண்டை விழுங்கியதற்காகக் குடலைத் திறந்திருந்தால், தையல் விட்டுப்போயிருக்கிறதா என்று தேட வேண்டும். சுட்டி இந்த இரண்டுக்கும் இடையில் இறந்திருக்கிறான்.

நீ பயந்தது ரத்தப்போக்கை. அந்தப் பயத்துக்கு நியாயம் உண்டு. வலப்பக்க அட்ரீனல் சுரப்பி உடலின் பெரிய ரத்தக்குழாய்களில் ஒன்றான கீழ்ப்பெருஞ்சிரையோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். இடப்பக்கச் சுரப்பியை எடுப்பது போல அதை எளிதில் எடுத்துவிட முடியாது. ஒரு கிலோ எடையுள்ள ஃபெரெட்டின் உடலில் உள்ள மொத்த ரத்தமே ஏறத்தாழ 60 மில்லிலிட்டர்தான். அதில் 12 மில்லி போனாலே ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். போதாக்குறைக்கு, ஐசோஃப்ளூரேன் போன்ற மயக்க வாயு இவற்றின் சிவப்பணுக்களை மண்ணீரலில் தேங்க வைத்துவிடுவதால், ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமலேயே ரத்தம் நீர்த்தது போலக் காட்டும். வாயுவை நிறுத்திய சிறிது நேரத்தில் அது சரியாகிவிடும். ஆனால் சுட்டியின் வயிற்றறையில் தேங்கிய ரத்தம் இல்லை, ரத்தக்குழாய்களில் போட்ட கட்டுகள் எல்லாம் இறுக்கமாகவே இருந்தன என்று அறிக்கை தெளிவாகச் சொல்கிறது. அந்த மருத்துவரின் கை சுத்தமான கை. அவர்மீது உனக்குள்ள கோபத்தை நீ விட்டுவிடலாம்.

எனக்கு முக்கியமாகப்பட்டவை அறிக்கையின் கடைசியில் இருக்கும் இரண்டு வரிகள். கணையத்தில் கடுகு அளவில் இரண்டு முடிச்சுகள் இருந்திருக்கின்றன. இரைப்பையில் சில புண்களும், குடலில் கறுத்த ரத்தமும் இருந்திருக்கின்றன. நடுவயதைத் தாண்டிய ஃபெரெட்டுகளில் அட்ரீனல் நோயும், இன்சுலினைக் கட்டுப்பாடின்றிச் சுரக்கும் கணையக் கட்டியான இன்சுலினோமாவும் ஒரே உடலில் சேர்ந்திருப்பது சாதாரணம். அந்த முடிச்சுகள் அறுவையின்போது விரலுக்குத் தட்டுப்படாத அளவுக்குச் சிறியவையாகவும் இருக்கலாம். அத்தகைய விலங்கு இரவில் சரியாக உண்ணாமல் கிடந்தால் ரத்தச் சர்க்கரை சரிந்துகொண்டே போகும். இரைப்பைப் புண்ணோ அறுவையின் அழுத்தத்தால் தீவிரமடையும்; இந்த இனத்தின் இரைப்பையில் பெரும்பாலும் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் முஸ்டெலே என்ற பாக்டீரியாவும் அதற்குத் துணைபோகும்.

அன்று மாலை அவன் முன்னங்காலால் வாயைச் சுரண்டினான், எச்சில் வடிந்தது, மருந்தின் கசப்பு என்று நினைத்தேன் என எழுதியிருந்தாய். புண்ணால் வரும் குமட்டலிலும் ஃபெரெட் அப்படித்தான் செய்யும், சர்க்கரை குறைந்தாலும் அப்படித்தான் செய்யும், கசப்பு மருந்துக்கும் அப்படித்தான் செய்யும். ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்காமல் என்னாலும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. இறந்த உடலில் சர்க்கரை விரைவாகக் குறைந்துவிடும் என்பதால் பிரேதப் பரிசோதனையாலும் இதை உறுதிப்படுத்த இயலாது. எனினும், சரிந்த சர்க்கரையும் கசிந்த புண்ணும் சேர்ந்தே அவனைக் கொண்டுபோயின என்பது என் கணிப்பு. உடலை உறைய வைக்காமல் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மறுநாளே ஒப்படைத்தாயே, அதனால்தான் இவ்வளவாவது தெரிந்தது. உறைந்துபோன திசுவில் இந்த நுட்பங்கள் சிதைந்துவிடும்.

இனி உன் இன்னொரு ஃபெரெட்டான மணியைப் பற்றி. அவளுக்கும் வாலடியில் முடி உதிர்வதாகச் சொன்னாய். அது அட்ரீனல் நோயாகவே இருந்தாலும் உடனே கத்தியை எடுக்க வேண்டியதில்லை. டெஸ்லோரெலின் என்ற 4.7 மில்லிகிராம் உள்வைப்பைத் தோலடியில் செலுத்தினால், கட்டி கரையாவிட்டாலும் அறிகுறிகள் பல மாதங்கள் அடங்கியிருக்கும். அறுவைதான் என்று முடிவானால், அதற்கு முன் இதயத்தை எக்கோ எடுத்துப் பார்க்கச் சொல். உணவை நிறுத்திய நான்கு மணி நேரத்துக்குள், மருத்துவரின் கண்காணிப்பிலேயே, ரத்தச் சர்க்கரையையும் பார்க்க வேண்டும். அது டெசிலிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் கணையத்தைச் சந்தேகித்தே ஆக வேண்டும். மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் இவற்றின் ரத்தத்தில் அளவைக் குறைத்துக் காட்டுவதால், வீட்டில் பார்த்துவிட்டு நீயாகப் பதறாதே. நாய்க்குச் சொல்வது போல இரவு முழுவதும் பட்டினி போடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. உண்டது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியேறிவிடும் குடல் இது, அதற்கு மேல் பட்டினி கூடாது.

வீடு திரும்பிய பின் முதல் இரண்டு இரவுகள் யாராவது விழித்திருக்க வேண்டும். தார் போன்ற கறுப்பு மலம், பல்லை நறநறவெனக் கடித்தல், பின்னங்கால் துவளுதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதே. துவண்டு கிடந்தால் ஈறில் தேனைத் தடவிவிட்டுக் கிளம்பு. வலிப்பு வந்திருந்தால் வாய்க்குள் விரலை விடாதே, கடித்துவிடும். வலிக்கு மருத்துவர் கொடுத்தது மட்டும்தான்; வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலோ இபுபுரூஃபெனோ இவற்றுக்கு நஞ்சு.

திசு ஆய்வு முடிவு தனியே வரும் என்று அறிக்கையில் குறிப்பிட்டிருக்கிறார்கள். அது வந்ததும் எனக்கு அனுப்பு. அந்த முடிச்சுகளைப் பற்றி நான் சொன்னது சரியா என்று பார்த்துவிட்டு, மணிக்கு நாள் குறிப்பதைப் பற்றிப் பேசுவோம்.

அன்புடன்,
அப்பா